காற்றின் போக்கைக் கண்டறிந்த ரெனால்ட்ஸ்

போடிநாயக்கனூரில் இருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். போடி மெட்டுக்குப் போகும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள்! மெட்டின் உயரம் ஏறக்குறைய 4,500 அடி. அங்கே காற்றின் அடர்த்தி, அடிவாரத்தில் உள்ளதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும் மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது. என்ஜினுக்கும் அப்படித்தான்.

என்ஜினுக்கு மூச்சா? ஆம். 2 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், ஏறக்குறைய 3,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அவ்வளவு காற்றும் ஒரு சிறிய குழாய் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்தக் குழாயின் உட்புறத்தைக் கண்ணாடி போலத் தேய்த்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு ஓடும், வண்டி மலையில் பறக்கும் என்று நம்பிப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. அது சரிதானா?

இதற்கு விடை காண வழி செய்தவர், மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே அந்த ஆராய்ச்சியை முடித்துவிட்டார்! அவர் பெயர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்.

பாதிரியார் மகன்

ரெனால்ட்ஸ் 1842-ம் ஆண்டு அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். கணக்கில் புலி. விவசாயக் கருவிகளைச் சீர்திருத்திக் காப்புரிமையும் பெற்றவர். மகனுக்கு இயந்திர ஆசை வந்ததில் வியப்பு என்ன?

19-வது வயதில் ரெனால்ட்ஸ் ஒரு தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தார். கையில் எண்ணெய்க் கறை பட்ட பிறகே கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1868-ல், 25 வயதில், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர் ஆனார்.

அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. ஆனால் ஓராண்டுக்குள் மனைவி இறந்துவிட்டார். 12 ஆண்டுகள் கழித்து, 1881-ல்தான் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

வகுப்பில் அவர் பாடம் எளிதில் புரியாது. ஒரு முறை, கணக்குப் போடும் அளவுகோலைக் காட்டி, 3-ஐ 4-ஆல் பெருக்கினார். விடை 12-க்குச் சற்றுக் குறைவாக வந்தது! மாணவர்கள் சிரித்தார்கள். நம் வேலைக்கு இது போதும் என்று அவர் மேலே போய்விட்டாராம்.

சாயக் கோடு

1883-ல் அவர் வெளியிட்ட சோதனை உலகப் புகழ் பெற்றது.

கண்ணாடிச் சுவர் கொண்ட நீர்த்தொட்டி. அதற்குள் நீளமான கண்ணாடிக் குழாய். குழாயின் முகப்பில், நாதசுரத்தின் அடிப்பாகம் போல் விரிந்த மரவாய். அதன் வழியே தண்ணீரையும், நடுவில் ஒரு துளி சாயத்தையும் ஓடவிட்டார்.

தண்ணீர் மெதுவாக ஓடியபோது, சாயம் நூல் பிடித்தது போல் நேராக ஓடியது. வேகத்தைக் கூட்டினார். திடீரென்று நூல் அறுந்தது! சாயம் சுழன்று, தண்ணீர் முழுவதும் கலந்தது. வீட்டில் ஊதுபத்திப் புகையைப் பாருங்கள். முதலில் நேராக எழும். பிறகு சுருள் சுருளாகக் கலையும். அதே கதைதான்.

எப்போது கலையும்? ரெனால்ட்ஸ் கணக்குச் சொன்னார். வேகம், குழாயின் அகலம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பிசுபிசுப்பால் வகுத்தால் ஓர் எண் வரும். சாதாரணக் குழாய்களில் அது ஏறக்குறைய 2,000-ஐத் தாண்டினால் ஓட்டம் கலையத் தொடங்கும். தண்ணீருக்கும் காற்றுக்கும் ஒரே கணக்கு!

பளபளப்பு வேண்டுமா?

என்ஜின் குழாயில் காற்று வேகமாகப் பாயும்போது இந்த எண் லட்சத்தையும் எட்டும். அங்கே சுழல் ஓட்டம்தான். ஆனாலும் சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் மட்டும் மெதுவாகவே நகரும். சுவரின் மேடுபள்ளம் அந்தப் படலத்துக்குள் மறைந்துவிட்டால், பாயும் காற்றுக்கு அது தெரியாது. படலத்தைத் தாண்டி நீட்டினால்தான் தடை. 1933-ல் ஜெர்மனியில் நிக்குராட்சே என்பவர் குழாய்களுக்குள் மணலை ஒட்டி இதை அளந்து காட்டினார்.

எனவே வார்ப்பில் நிற்கும் பிசிறையும், இணைப்பில் துருத்தும் விளிம்பையும் தேய்த்து எடுப்பது நல்லது. அதற்கு மேல் முகம் தெரியும்படி பளபளப்பாக்குவதில் கிடைப்பது மிகச் சொற்பம். காற்றுக்குப் பெரிய தடை வளைவுகளிலும் வால்வு வாயிலும்தான் இருக்கிறது. கார்புரேட்டர் என்ஜினில் சிறிது சொரசொரப்பை விட்டுவைக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. வழவழப்பான சுவரில் பெட்ரோல் ஒழுகி ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

கடைசிக் காலம்

அந்த எண்ணுக்கு ரெனால்ட்ஸ் எண் என்று 1908-ல் பெயர் சூட்டியவர் ஜெர்மன் அறிஞர் சோமர்பெல்டு. அப்போது ரெனால்ட்ஸ் உயிரோடு இருந்தார். ஆனால் அறிவு மங்கிவிட்டது! நோயால் 1905-லேயே வேலையில் இருந்து விலகியிருந்தார். 1912 பிப்ரவரி 21-ந்தேதி, வாட்செட் என்ற கடலோர ஊரில் காலமானார்.

அவருடைய சோதனைக் கருவி மான்செஸ்டரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தண்ணீரை அசையாமல் நிறுத்தி, அவர் அந்த எண் 13,000 வரும் வரை சாய நூலை அறுபடாமல் ஓடவிட்டார். 100 ஆண்டுகள் கழித்து அதே கருவியில் சோதித்தவர்களால் அந்த அளவை எட்ட முடியவில்லை. வெளியே தெருவில் ஓடிய மோட்டார் வண்டிகளின் அதிர்வு, நூலை முன்னதாகவே அறுத்துவிட்டது!