ஃபேனில் பேர் போட்டிருக்கும் மனிதர்



நிறைய வீட்டு ஃபேனில் கிராம்ப்டன் என்று ஒரு பேர் போட்டிருக்கும். நம்மில் பலர் அதை ஒரு கம்பெனி பேர் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதருடைய பேர்! வீட்டுக்குள் கரண்ட் பத்திரமாக வருவதற்குப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அதனால்தான் இந்த இதழுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ரூக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன் 1845 மே 31 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். சிறு வயது முதலே அவருக்கு எஞ்சின் என்றால் உயிர். ராணுவத்தில் சேர்ந்து 1864ல் நம் இந்தியாவுக்கே வந்தார். தண்டவாளம் இல்லாத ரோட்டில் நீராவி வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஊர் திரும்பி, 1878ல் செம்ஸ்ஃபோர்டு நகரில் மின்விளக்குக் கம்பெனி ஆரம்பித்தார்.

அந்தக் காலத்து வயரிங் எப்படி இருந்தது தெரியுமா? மரச் சட்டத்தில் இரண்டு பள்ளம் வெட்டி, ஆளுக்கொரு பள்ளத்தில் வயரைப் போட்டு, மேலே மரப்பட்டையை வைத்து ஸ்குரூ அடிப்பார்கள். ஈரம் இறங்கினால் கரண்ட் கசியும். வயர் சூடானால் மரமே தீப்பிடிக்கும். வெளிச்சம் கேட்ட வீட்டுக்கு நெருப்பு வந்தால் எப்படி? அதனால் 1882ல் லண்டனில் பொறியாளர் சங்கம் ஒன்று தீ விபத்தைத் தடுக்க வயரிங் விதிகளை வெளியிட்டது. அந்தக் குழுவில் கிராம்ப்டனும் இருந்தார்.

1887ல் லண்டன் கென்சிங்டன் கோர்ட் பகுதி வீடுகளுக்குக் கரண்ட் கொடுத்தார். தானும் அங்கேயே வீடு கட்டிக் குடியேறினார். ஆனால் அவர் நம்பியது டி.சி. மின்சாரத்தை. அது அன்று ரொம்ப தூரம் போகாது. கடைசியில் ஏ.சி.தான் ஜெயித்தது. 1944ல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரால் எடுக்க ஆரம்பித்த கரண்டும் ஏ.சி.தான்.

முதலில் வீடுகளில் பிளக் பாயிண்டே கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் இஸ்திரிப் பெட்டியை மாட்டுவார்கள். பிறகு பிளக் வந்தது, ஆனால் ஆளுக்கொரு அளவு. ஒரு கம்பெனி பிளக் இன்னொரு கம்பெனி சாக்கெட்டில் நுழையாது. மின்சாமான் எல்லாவற்றிலும் இதே குழப்பம். 1904ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில், எல்லா நாடும் சேர்ந்து பொது அளவு வகுக்க வேண்டும் என்று கிராம்ப்டன் வலியுறுத்தினார். அதனால் 1906ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பிறந்தது. கெல்வின் பிரபு தலைவர், கிராம்ப்டன் செயலாளர். இத்தனை செய்தும் பிளக் மட்டும் இன்றுவரை நாட்டுக்கு நாடு வேறாகத்தான் இருக்கிறது!

1934ல் இங்கிலாந்தில் உருண்டைப் பின் பிளக்குக்குத் தர அளவு வகுத்தார்கள். நம்ம வீட்டு 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் மூன்று பின் பிளக் அந்த வழியில் வந்ததுதான். அதில் மேலே உள்ள எர்த் பின் மட்டும் நீளமாக இருக்கும். ஏன்? செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். கசிந்த கரண்ட் நம் உடம்பில் ஏறாமல் மண்ணுக்குப் போய்விடும்.

94 வயதுவரை வாழ்ந்து, 1940 பிப்ரவரி 15 அன்று கிராம்ப்டன் மறைந்தார்.

வயரிங் வேலை பார்க்கும் என் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் சுவரெல்லாம் ஊறி ஷாக் அடிக்கிறது என்று நிறைய பேர் கூப்பிடுவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் எர்த் வயரே கொடுத்திருக்க மாட்டார்களாம். சில இடத்தில் பிளக்கே இல்லாமல் வயரைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்களாம்.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிளக்குகளைக் கையால் தொடாமல் கண்ணால் பாருங்கள். தீக்குச்சி செருகியிருந்தால் அப்பா அம்மாவிடம் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரக் கையோடு ஸ்விட்ச் பக்கமே போகாதீங்க!