யாருடைய வினை? அம்பேத்கர் துன்பத்திற்குத் தேடிய காரணம்

1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், சாதாரா மாவட்டத்தின் மசூர் ரயில் நிலையத்தில் சில சிறுவர்கள் இறங்கினார்கள். கோரேகாவில் காசாளராகப் பணிபுரிந்த தந்தையைக் காணப் புத்தாடை அணிந்து புறப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவர், பத்து வயதை எட்டியிருந்த பீமராவ். வருகையை அறிவித்த கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேராததால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. கனிவோடு விசாரித்த நிலைய அதிகாரி, அவர்கள் மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகினார். வாடகை வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரு மடங்கு கூலி தருவதாகவும் வண்டியைத் தாங்களே ஓட்டுவதாகவும் ஒப்புக்கொண்ட பின்னரே ஒரு வண்டி கிடைத்தது. தீட்டுப்படாமல் இருக்க வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். கையில் வேண்டிய அளவு உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தருவோர் வழியில் ஒருவரும் இல்லை. உணவை மடியில் வைத்துக்கொண்டே அப்பிள்ளைகள் பசியோடு அந்த இரவைக் கழித்தார்கள்.

அந்தத் தாகத்திற்குக் காரணம் யார்? ஊரிடம் ஆயத்தமாக இருந்த விடை ஒன்றுதான்: முற்பிறவியில் அப்பிள்ளைகள் செய்த வினை. நீதிமன்ற வராந்தாக்களில் நாள் கழிக்கும் நமக்கு இந்த விடை ஒரு விசித்திர வழக்காகத் தோன்றுகிறது. குற்றப்பத்திரிகை இல்லை. சாட்சி இல்லை. குற்றம் இன்னதென்று குற்றம் சாட்டப்பட்டவருக்கே நினைவில்லை. தண்டனை மட்டும் பிறந்த நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. ஒருவர் செய்யாத தேர்வை அவர் செய்ததாகச் சாற்றும் இக்கோட்பாடு, அவர் இப்போது செய்யக்கூடிய தேர்வுகளை, அதாவது ஊரை விட்டுப் போவதையும் கூலி கேட்பதையும் வேறு நெறியை நாடுவதையும், மீறல் என்று தடுக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் 65 ஆண்டு வாழ்வை இக்கோட்பாட்டோடு அவர் நடத்திய நெடிய வாதமாகவே நாம் வாசிக்கிறோம். அரசியலமைப்பின் சிற்பி என்னும் பட்டத்துக்குள் அவரை அடைத்து மாலை போடும் விழாக்களில் இந்த வாதம் காணாமல் போய்விடுகிறது.

1891 ஏப்ரல் 14 அன்று, இராணுவக் குடியிருப்பான மாவ் நகரில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். சாதாரா பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில் தனியே அமர்ந்தார். பள்ளிப் பணியாளர் இருந்தால் தண்ணீர், இல்லையேல் தாகம். பரோடா மன்னரின் உதவித்தொகை 1913இல் அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தது. பதிலுக்கு அவர் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அதை நிறைவேற்றப் பரோடாவுக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி ஒருவரின் பெயரில் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பூங்காவொன்றில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். ஒப்பந்தத்தை மீறியவர் அவர் என்று ஏடுகள் சொல்லக்கூடும். அதை நிறைவேற்றும் வாய்ப்பை அவருக்குத் தராதவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

மேல்நாட்டுப் படிப்பாலும் இத்துன்பம் நீங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனிமனிதர் ஒருவரின் முயற்சியால் கழுவ முடியாத ஒன்றைத் தனிமனிதரின் வினை என்று எப்படிச் சொல்வது? மகாத் போராட்டம் இக்கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. பொதுநிதியில் நடக்கும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட வேண்டுமெனப் பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. ஆயினும் அக்குளத்தில் ஒருவரும் இறங்கத் துணியவில்லை. ஏட்டில் உரிமை இருந்தது. இறங்கினால் அடி விழும் என்னும் அறிவும் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் முன்நடக்க, ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் சென்று நீர் அருந்தினார்கள். அன்றே அவர்கள் மீது தாக்குதல் நடந்தது. பின்னர் 108 குடங்கள் கொண்டு குளத்திற்குச் சடங்கு செய்து 'தூய்மைப்படுத்தினார்கள்'. டிசம்பரில் இரண்டாம் முறை கூடியபோது, குளம் தனியார் சொத்து என்று சாதி இந்துக்கள் நீதிமன்றத் தடை பெற்றிருந்தார்கள். நீர் அருந்துவதை ஒத்திவைத்த அம்மாநாடு, டிசம்பர் 25 அன்று மனுநூலை எரித்தது. வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டப்படாதோர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு. இன்று வாய்தா வாங்கிச் சலிக்கும் நம் கட்சிக்காரர்களிடம் இதை நாம் ஆறுதலாகச் சொல்வதில்லை; வரலாறாகச் சொல்கிறோம்.

வீட்டிலும் துயரம் இருந்தது. ரமாபாய்க்கும் அவருக்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். எஞ்சியவர் யஷ்வந்த் ஒருவரே. 1926இல் ராஜரத்னாவை இழந்தபோது அம்பேத்கர் நிலைகுலைந்து போனார். பிள்ளைச் சாவு எந்தச் சாதியிலும் நிகழ்வது, எந்தச் சட்டமும் முழுமையாகத் தடுக்க இயலாதது. மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமையும் இந்தத் துயரமும் ஒன்றல்ல. எனினும் வறுமையும் மருத்துவமின்மையும் எங்கே முடிந்து விதி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எளிதன்று. ரமாபாய் பண்டரிபுரம் போய் வழிபட விரும்பினார். உள்ளே விடாத கோயிலின் வெளியே மனைவி நிற்பதை அம்பேத்கர் ஏற்கவில்லை. அவ்விருப்பம் நிறைவேறாமலே 1935 மே 27 அன்று ரமாபாய் மறைந்தார். கணவரின் கொள்கைக்காக மனைவி துறந்த விருப்பம் இது. விடுதலையின் கணக்கேட்டில் இப்படிப்பட்ட வரவுகள் பெண்களின் பெயரிலேயே மிகுதியாக எழுதப்பட்டுள்ளன.

அவருடைய தேர்வுகளுள் மிகக் குறுகிய இடத்தில் நின்று செய்யப்பட்டது 1932 செப்டம்பர் 24 அன்று அவர் இட்ட கையொப்பம். நம் இரட்டைமலை சீனிவாசனோடு வட்டமேசை மாநாட்டில் போராடிப் பெற்ற தனி வாக்காளர் தொகுதிகளை ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். காந்தி இறந்தால் நாடெங்கும் சேரிகளுக்கு என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. இங்கே ஒரு சட்டக் குறிப்பு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சம்மதம் சுதந்திரமாக அமைய வேண்டும் என்கிறது. அதன் 15ஆம் பிரிவு வற்புறுத்தலை வரையறுக்கிறது. ஒருவர் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய வழக்கில், அது வற்புறுத்தலே, பத்திரம் நிற்காது என்று 1917இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் முடிவு செய்தார்கள். புனா ஒப்பந்தம் சொத்துப் பத்திரமன்று. காந்தியின் நோக்கம் வேறு என்றும் வாதிடலாம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எரவாடா நம் நினைவுக்கு வருகிறது. வன்கொடுமை வழக்குகளில் எவருடைய தூண்டுதலும் இன்றி மனப்பூர்வமாகச் சமாதானம் ஆகிறோம் என்று கையொப்பமிடும் மனுக்களைப் பார்க்கும்போதும் வருகிறது. அந்த வாசகத்துக்குப் பின்னால் ஊரின் கடையும் கிணறும் வேலையும் நிற்கின்றன.

அந்த நெருக்கடியிலும் அம்பேத்கர் பேரம் பேசினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசின் அறிவிப்பில் 71 ஆக இருந்த மாகாண சட்டமன்ற இடங்கள் ஒப்பந்தத்தில் 148 ஆயின. அவர் இழந்தது, தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை. வற்புறுத்தலுக்கு ஆளானவர் முற்றிலும் செயலற்றவர் அல்லர். முற்றிலும் சுதந்திரமானவரும் அல்லர். துன்பத்தையும் தேர்வையும் பற்றிய தத்துவ நூல்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

1935 அக்டோபர் 13 அன்று யேவலா மாநாட்டில், தாம் இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லாதது என்றும் இந்துவாக இறக்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். பிறப்பைத் தேர்வின் விளைவாகக் காட்டிய கோட்பாட்டை அந்த அறிவிப்பு தலைகீழாக்கியது. அதன் பிறகு 21 ஆண்டுகள் காத்திருந்தார். பல சமயத் தலைவர்கள் அழைத்தார்கள். சீக்கிய சமயத்தை நெருங்கி ஆராய்ந்தார். இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்று பௌத்தம் வாழும் விதத்தை நேரில் கண்டார். காலம் கடத்தினார் என்று அன்றும் இன்றும் குறை சொல்வோர் உண்டு. தம் ஒருவருக்கான மதமாற்றம் என்றால் ஒரு மாலைப்பொழுது போதும். இலட்சக்கணக்கானோர் அறிந்து செய்யும் தேர்வாக அது அமைய வேண்டும் என்று அவர் விரும்பியதாலேயே ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது நம் கருத்து.

அக்காலத்தில் அவர் கண்டெடுத்த வழித்துணைகளுள் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்தோடு இணைந்து பணியாற்றிய பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். பின்னர் நீரிழிவும் கால்வலியும் வாட்ட, 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் தம் நூலை எழுதலானார். அதன் தொடக்கத்திலேயே சில மரபான விடைகளை ஐயத்துக்கு உட்படுத்துகிறார். 29 வயது வரை முதுமையையும் நோயையும் சாவையும் காணாத ஒருவர், ஒருநாள் திடீரெனக் கண்டு துறவு பூண்டார் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. வாழ்வே துன்பம் என்று மட்டும் சொல்லும் நெறியால் ஒடுக்கப்பட்டோருக்கு என்ன பயன் என்றும் கேட்டார். முற்பிறவி வினை இப்பிறவிக்குத் தொடர்ந்து வருகிறது என்பதையும் புத்தரின் போதனையாக அவர் ஒப்பவில்லை.

அவர் எழுதிய சித்தார்த்தர் வேறொரு வழியில் வீட்டை விட்டு வெளியேறுகிறார். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதுகிறார்கள். சாக்கிய சங்கம் போரைத் தீர்மானிக்கிறது; சித்தார்த்தர் எதிர்த்து வாக்களித்துத் தோற்கிறார், படையில் சேரவும் மறுக்கிறார். மரணம், நாடுகடத்தல், குடும்பத்தின் மீது சமூகப் புறக்கணிப்பு, நிலப் பறிமுதல் ஆகியவை அச்சுறுத்தல்களாக முன்வைக்கப்படுகின்றன. குடும்பத்தை விட்டுவிடுங்கள், நான் நாட்டை விட்டுப் போகிறேன் என்று அவர் தேர்கிறார். நீர், புறக்கணிப்பு, நிலம்: எந்தச் சேரியில் வாசித்தாலும் இக்கதைக்கு உரை தேவைப்படாது. பின்பு போர் ஓய்ந்து, திரும்பி வரலாம் என்ற செய்தி கிடைத்தும் அவர் திரும்பவில்லை. மோதல் ஆற்றோடு முடிவதன்று, மனிதருக்கும் மனிதருக்கும் இடையே ஓயாமல் நடப்பது என்று கண்டு காரணம் தேடித் தொடர்ந்து நடக்கிறார். மரபுவழிப் பௌத்தர் பலர் இந்நூலை ஏற்கவில்லை. வரலாறாக இதை மறுக்க இடமுண்டு. ஆனால் துன்பத்திற்கு ஊற்று அதை அனுபவிப்பவரின் ஆசையில் மட்டும் இல்லை, அதைச் சுமத்துவோரிடமும் இருக்கிறது என்பதைப் பௌத்தத்தின் நடுவிடத்தில் வைத்ததே அந்நூலின் துணிவு.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், பர்மாவைச் சேர்ந்த முதிய பிக்கு சந்திரமணியிடம் அம்பேத்கரும் சவிதா அம்பேத்கரும் தீட்சை பெற்றார்கள். பிறகு அவர் திரண்டிருந்த மக்களை நோக்கி, விரும்புவோர் எழுந்து நிற்குமாறு கேட்டார். கூட்டம் முழுவதும் எழுந்தது. தாமே அமைத்த 22 உறுதிமொழிகளை மராத்தியில் சொல்ல, இலட்சக்கணக்கானோர் திருப்பிச் சொன்னார்கள். தலைவர் சொன்னதால் எழுந்தவர்கள் அவர்கள், தேர்ந்து எழுந்தவர்கள் அல்லர் என்று ஒரு விமர்சனம் உண்டு. முற்றாகத் தள்ளக்கூடியதன்று, மகர் அல்லாத பட்டியல் சாதியினர் அன்று பெருமளவில் உடன் வரவில்லை என்பதும் உண்மை. ஆயினும் வீட்டுத் தெய்வங்களை விட்டு, ஊரின் பகையை ஏற்று, அரசின் சலுகை போகும் என்று அறிந்தும் எழுந்த மனிதர்களைப் பார்த்து, உங்களுக்குச் சொந்தமாகச் சிந்தனை இருந்ததா என்று கேட்பவர்கள், பிறப்பால் வந்த மதத்தில் இருப்போரிடம் அக்கேள்வியைக் கேட்பதே இல்லை.

டிசம்பர் 6 அன்று தில்லி அலிப்பூர் சாலை வீட்டில் உறக்கத்திலேயே அவர் இறந்தார். அடுத்த நாள் பம்பாய் தாதரில் எரியூட்டு நடந்த இடத்திலேயே பெருந்திரளானோர் தீட்சை பெற்றார்கள். நூல் 1957இல் வெளிவந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாம் பத்தியில், இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்று எழுதி வைத்திருந்தது. 1962 தேர்தலில் நாக்பூரின் தனித்தொகுதி ஒன்றில் வென்றவர் பௌத்தர் என்று கண்ட உச்ச நீதிமன்றம், அவர் வெற்றியைச் செல்லாததாக்கியது. நாக்பூரில் எழுந்து நின்றவர்களின் தேர்வு உண்மையானது என்று அரசு ஏற்றுக்கொண்டது இப்படித்தான், அதற்குத் தண்டனை விதித்து. சீக்கியருக்கு 1956இல் திருத்தப்பட்ட அந்தப் பத்தி பௌத்தருக்காக 1990இல் திருத்தப்பட்டது. கிறித்துவத்தையும் இசுலாமையும் தேர்ந்த தலித்துகளுக்கு அது இன்னும் திருத்தப்படவில்லை.