தண்ணீருக்குக் கூலி வாங்காத பொறியாளர் – ஹென்றி டார்சி

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்கள் யாரும் மண் இயக்கவியல் லேபை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு உருளையில் மணலை நிரப்பி, மேலே தண்ணீரை விட்டு, கீழே அளவு ஜாடியை வைத்து, கையில் ஸ்டாப் வாட்சுடன் நின்றிருப்போம். ரீடிங் எடுத்து, கிராஃப் போட்டு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் அன்றைக்கு வேலை முடிந்தது. வைவாவில் டார்சி விதி என்ன என்று கேட்டால் ஒப்பித்து விடுவோம். டார்சி யார் என்று யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை. பாடப் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் 1856 என்று ஒரு வருடம் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த மனிதரைப் பற்றி இந்த மலரில் எழுதலாம் என்று தோன்றியது. காரணம், அவர் நம்மைப் போல ஒரு பொறியாளர். பெரிய விஞ்ஞானி ஆக வேண்டும் என்று புறப்பட்டவர் இல்லை. தன் ஊருக்குத் தண்ணீர் கொண்டு வரப் புறப்பட்டவர்.

ஹென்றி டார்சி 1803 ஜூன் 10-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் டிஜோன் நகரில் பிறந்தார். பர்கண்டி பகுதியின் பழைய தலைநகரம் அது. அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். 1817-ல், டார்சிக்கு 14 வயதாகும்போது அப்பா இறந்துபோனார். அம்மா கையில் இரண்டு பையன்கள். படிப்பை நிறுத்தி எங்காவது வேலைக்கு அனுப்பியிருக்கலாம். அந்த அம்மா கடன் வாங்கிப் படிக்க வைத்தார். நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கதை இது! தோடு அடகுக் கடைக்குப் போய்த்தான் நம்மில் பலருக்கு முதல் செமஸ்டர் ஃபீஸ் வந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் பிரான்ஸிலும் அதே கதைதான்.

1821-ல் பாரிஸில் புகழ்பெற்ற எகோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். 1823-ல் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான அரசுப் பொறியியல் பள்ளிக்குப் போனார். அங்கே படித்து வெளியே வந்தால் அரசுப் பொறியாளர் வேலை நிச்சயம். படிப்பை முடித்துச் சிறிது காலத்திலேயே சொந்த ஊரான டிஜோனுக்கே வேலை கிடைத்தது. 1828-ல் ஹென்றியெட் கேரி என்ற பெண்ணை மணந்தார். கேரி குடும்பம் கெர்ன்சித் தீவிலிருந்து வந்த ஆங்கிலேயக் குடும்பம். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்தக் காலத்து டிஜோனில் தண்ணீர் நிலைமை படுமோசம். ஊருக்குள் கிணறுகள் உண்டு. ஆனால் தெருச் சாக்கடை இறங்கிக் கெட்டுப்போனவை அவை. ஊருக்குக் கீழே ஓடிய சூசோன் ஆறு கிட்டத்தட்ட கழிவுநீர்க் கால்வாயாகி விட்டது. நல்ல தண்ணீருக்கு வழி தேடி நகராட்சி 1830-ஐ ஒட்டி ஊர் நடுவே ஆழ்துளைக் கிணறு தோண்டிப் பார்த்தது. சுமார் 150 மீட்டர் ஆழம் போனார்கள். தண்ணீர் மேலேறி வந்தது, ஆனால் ஊருக்குக் காணும் அளவு வரவில்லை. கிணற்றைச் சோதித்துப் பார்த்தவர்களில் இளைஞர் டார்சியும் ஒருவர். போர் போட்டுக் காற்று வந்த வேதனை நமக்குப் புதிதா என்ன?

1832-ல் பிரான்ஸ் முழுக்கக் காலரா பரவி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. கெட்ட தண்ணீரில்தான் காலரா பரவுகிறது என்பது அப்போது நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஒரு நகரத்தின் ஆரோக்கியத்துக்குச் சுத்தமான தண்ணீர் தாராளமாக வேண்டும் என்பதில் டார்சிக்குச் சந்தேகமே இல்லை. 1834-ல், 31 வயதில், மேயருக்கும் நகர்மன்றத்துக்கும் ஒரு அறிக்கை கொடுத்தார். ஊரைச் சுற்றியுள்ள ஊற்றுகளை எல்லாம் அலசிப் பார்த்து, சூசோன் பள்ளத்தாக்கில் உள்ள ரொஸ்வார் ஊற்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். தண்ணீர் நல்ல தண்ணீர். ஊரைவிட உயரமான இடம், அதனால் பம்ப்பே தேவையில்லை. சரிவில் தானாக ஓடி வரும்.

அனுமதி, நிலம் எடுப்பு, நிதி என்று ஃபைல் நகர்ந்து வேலை தொடங்க 1839 ஆகிவிட்டது. தொடங்கிய பிறகு வேலை பறந்தது. 12.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மூடிய கால்வாய் கட்டினார்கள். வெயில் படாது, குப்பை விழாது. 1840 செப்டம்பரில் ரொஸ்வார் தண்ணீர் ஊரின் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தது. நிமிடத்துக்குச் சுமார் 8 கன மீட்டர். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஒரு கோடி லிட்டருக்கும் மேல்! அன்றைய டிஜோனின் ஜனத்தொகை முப்பதாயிரத்தைத் தொடவில்லை. தலைக்கு 300 லிட்டருக்கு மேல் வருகிறது. அதே சமயம் தலைநகரமான பாரிஸில் தண்ணீர்க்காரர்கள் வாளியில் சுமந்து மாடிக்கு மாடி ஏறி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

1844-க்குள் ஊருக்குள் 28,000 மீட்டர் குழாய் போட்டு முடித்தார். தெருக்களில் சுமார் 100 மீட்டருக்கு ஒரு பொதுக்குழாய். குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வெகுதூரம் நடக்க வேண்டாம். வசதியுள்ளவர்கள் பணம் கட்டி வீட்டு இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தெருக்குழாயில் ஏழைகள் பிடிக்கும் தண்ணீர் இலவசமாகவே இருக்க வேண்டும், அதுவும் கேட்டுக் கெஞ்சி வாங்குவதாக இருக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். பொது ஆரோக்கியத்துக்கு அவசியமான பொருளில் கஞ்சத்தனம் கூடாது என்று நினைத்தவர்.

இந்த வேலைக்காக நகராட்சி அவருக்குத் தர வேண்டிய தொகை 55,000 பிராங்க். அந்தக் காலத்துக்குப் பெரிய சொத்து. அப்பா இல்லாத பிள்ளை, கடன் வாங்கிப் படித்தவர், வாங்கியிருந்தால் யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நியாயமான கூலிதான். டார்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நகராட்சி ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. அதோடு அவர் வீட்டுக்கு ஆயுள் முழுக்க இலவசத் தண்ணீர். அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஊருக்கே தண்ணீர் கொண்டு வந்தவருக்குச் சம்பளமும் தண்ணீர்தான்!

அடுத்து ரயில் வந்தது. பாரிஸ்–லியோன் ரயில்பாதை டிஜோன் வழியாகப் போக வேண்டும் என்று போராடியவர்களில் முக்கியமானவர் டார்சி. வழியில் பிளேஸி என்ற இடத்தில் மலை குறுக்கே நின்றது. 4 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்ட வேண்டும். சுற்றிப் போகலாம் என்றவர்கள் உண்டு. தோண்ட முடியும் என்று திட்டம் போட்டுக் காட்டினார். பாதை டிஜோனுக்கு வந்தது. ஊரும் வளர்ந்தது.

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1848-ல் பிரான்ஸில் புரட்சி. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. பழைய ஆட்சியில் செல்வாக்காக இருந்தவர்கள் எல்லாம் புதிய அதிகாரிகளின் சந்தேகப் பட்டியலில் ஏறினார்கள். டார்சியும் ஏறினார். பிறந்து வளர்ந்து, தான் குழாய் போட்ட ஊரை விட்டே மாற்றினார்கள். முதலில் பூர்ஜ் நகரத்துக்கு, பிறகு பாரிஸுக்கு. டிரான்ஸ்ஃபர் ஆர்டரைக் கையில் வாங்கிய அனுபவம் உள்ள அரசுத்துறை நண்பர்களுக்கு அந்த வலி புரியும்.

அந்த டிரான்ஸ்ஃபரிலும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பாரிஸில் நகரத்தின் தண்ணீருக்கும் சாலைகளுக்கும் பொறுப்பாளர் ஆனார். ஷையோ என்ற இடத்தில் பல அளவுக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டுப் பரிசோதனை செய்தார். அதுவரை இருந்த ஃபார்முலாக்கள் குழாயின் உள்சுவர் வழவழப்பா சொரசொரப்பா என்று பார்க்கவே இல்லை. புதுக் குழாயையும் துருப்பிடித்த பழைய குழாயையும் ஒரே கணக்கில் போட்டன. டிஜோனில் குழாய் போட்ட அனுபவத்தில் அது தப்பு என்று அவருக்குத் தெரியும். அளந்து நிரூபித்தார். நாம் ஹைட்ராலிக்ஸில் படித்த டார்சி–வைஸ்பாக் சமன்பாட்டில் அவர் பெயர் வந்தது இப்படித்தான். நீரோட்ட வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயையும் திருத்தி, ஆற்றிலும் வாய்க்காலிலும் நம்பி உபயோகிக்கும்படி செய்தவர் அவர்.

உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. நோய் முற்றியதால் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொண்டு 1855-ல் டிஜோனுக்குத் திரும்பினார். வயது 52. இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. தன் ஊரில் செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தால் மற்ற ஊர்ப் பொறியாளர்களுக்கு உதவும் என்று உட்கார்ந்தார்.

எழுதும்போது ஒரு கேள்வி இடித்தது. டிஜோனுக்கு நல்ல ஊற்று கிடைத்தது. எல்லா ஊருக்கும் கிடைக்குமா? ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டித்தான் பல ஊர்கள் குடிக்க வேண்டும். அப்படியானால் இத்தனை பேருக்கு எத்தனை சதுர மீட்டர் மணல் படுக்கை வேண்டும்? எவ்வளவு கனம்? மேலே எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும்? அனுபவத்தில் குத்துமதிப்பாகக் கட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, கணக்கு யாரிடமும் இல்லை.

டிஜோன் மருத்துவமனை முற்றத்தில் ஒரு இரும்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். உள்விட்டம் 35 சென்டிமீட்டர், உயரம் ஆளைவிட அதிகம். அதில் சோன் ஆற்று மணல். மேலும் கீழும் அழுத்தம் பார்க்கப் பாதரச மானிகள். 1855 அக்டோபர் 29, 30, நவம்பர் 2 ஆகிய நாட்களில் சார்ல் ரிட்டர் என்ற பொறியாளருடன் சேர்ந்து டார்சி ரீடிங் எடுத்தார். 1856 பிப்ரவரியில் ரிட்டர் மறுபடி செய்து சரிபார்த்தார். தண்ணீர் வந்தது மருத்துவமனைக் குழாயிலிருந்து, அதாவது டார்சி ஊருக்குக் கொண்டு வந்த அதே தண்ணீர்.

முடிவு ஒரே வரி. மணல் வழியே இறங்கும் நீரின் அளவு, மேலுக்கும் கீழுக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசத்துக்கும் மணலின் குறுக்குப் பரப்புக்கும் நேர் விகிதம். மணலின் கனத்துக்குத் தலைகீழ் விகிதம். மிச்சம் எல்லாம் அந்த மண்ணின் குணம். அந்தக் குணத்தை ஒரே எண்ணில் அடைத்துவிடலாம். கூழாங்கல்லுக்கும் களிமண்ணுக்கும் அந்த எண் கோடி மடங்குகூட வேறுபடும். ஒரே ஊரில் ஒருவர் கிணறு ஊறுவதும் இன்னொருவர் கிணறு வற்றுவதும் இதனால்தான். நீரோட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில்தான் இந்த விதி பொருந்தும். பாறை வெடிப்பில் பாய்ந்து ஓடும் நீருக்குப் பொருந்தாது. ஆனால் நிலத்துக்கடியில் பெரும்பாலும் தண்ணீர் ஆமை வேகத்தில்தானே நகர்கிறது!

1856-ல் டிஜோன் நகரப் பொது நீரூற்றுகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல், தனியாக வரைபடத் தொகுப்பும் உண்டு. உலகப் புகழ்பெற்ற அந்த விதி புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இல்லை, கடைசியில் பிற்சேர்க்கையில் ஒரு குறிப்பாக இருக்கிறது! அவருக்கு அது ஊர்த் தண்ணீர் வேலையில் ஒரு பகுதி, அவ்வளவே. குழாய்ப் பரிசோதனைகளின் புத்தகம் 1857-ல் வந்தது. திறந்த வாய்க்கால்களில் நீரோட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சியை பர்கண்டிக் கால்வாயில் தொடங்கி வைத்தார். முடிக்க ஆயுள் இல்லை. 1858 ஜனவரி 3-ஆம் தேதி பாரிஸில் நிமோனியாவில் காலமானார். வயது 54. உதவியாளராக இருந்த ஆன்றி பாஸன் அந்த வேலையை விடாமல் தொடர்ந்து 1865-ல் வெளியிட்டார். குருவின் பெயரை மறைக்காத சிஷ்யர்.

நீர்த்தேக்கம் இருந்த சதுக்கத்துக்கு டிஜோன் மக்கள் டார்சியின் பெயரை வைத்தார்கள். இன்றும் அது டார்சி சதுக்கம்தான். 1863-ல் த்யூப்வி என்ற பொறியாளர் டார்சி விதியைக் கிணற்றுக்குப் பொருத்தி, எவ்வளவு இறைத்தால் எவ்வளவு மட்டம் இறங்கும் என்று கணக்குச் சொன்னார். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் பாறையின் ஊடுருவு திறனை டார்சி என்ற அலகிலேயே அளக்கிறார்கள். அணைக்கு அடியில் கசிவு எவ்வளவு, கழிவுநீர் எத்தனை வருடத்தில் குடிநீர்க் கிணற்றை எட்டும், கடலோரத்தில் உப்புநீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று இன்றைக்குக் கணினியில் போடும் கணக்குகளுக்கும் அடிப்படை அந்த ஒரு வரிதான்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை லேபில் பக்கத்து பேட்ச் ரீடிங்கைக் காப்பி அடிக்கத் தோன்றினால், உடம்பு முடியாத நிலையில் மருத்துவமனை முற்றத்தில் மானியைப் பார்த்து ரீடிங் எடுத்த அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு படித்த நண்பர்களுக்கும் ஒன்று. நாம் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய முடியாது. குடும்பம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் நாம் படித்த படிப்பு நம் ஊருக்கு ஒரு குழாயாகவோ, தூர்வாரிய ஏரியாகவோ, சரியாகப் போட்ட ஒரு எஸ்டிமேட்டாகவோ போய்ச் சேர்ந்ததா? இந்த வருடச் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டே அதையும் கொஞ்சம் பேசுவோம்.