நாவலர் இட்ட புள்ளிகள்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கந்தப்பிள்ளையின் மகனாகப் பிறந்தார் ஆறுமுகம். ஏட்டுச்சுவடியில் தமிழ் கற்ற அவர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியதன் பயனைத் தமிழ் உரைநடை பெற்றது.

ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையே இடாமல் விடுவது ஏட்டு வழக்கம். நிறுத்தக்குறிக்கு அங்கே இடமேது? செய்யுளுக்கு அது குறையன்று. நிற்கவேண்டிய இடத்தைச் சீரும் அடியும் நாவுக்குக் காட்டிவிடும் (கவிஞர்கள் இதனை நன்கறிவர்). உரைநடைக்கு அத்துணை இல்லை. மேலும், தமிழ்த் தொடரில் கூடுதற் செய்தியெல்லாம் பெயருக்கு முன்னரே வந்து அடுக்கி நிற்கும். நல்லூரிலிருந்து வந்த ஆசிரியரின் மாணவர் என்று எழுதினால், வந்தவர் ஆசிரியரா மாணவரா என்று சிறுவன் திகைப்பான். வந்த என்னும் சொல்லையடுத்து ஒரு காற்புள்ளி இட்டால், வந்தவர் மாணவரே என்பது விளங்கிவிடும்.

1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆறுமுகம் நிறுவினார். சைவச் சிறுவர்க்குக் கற்பிக்க ஏற்ற வசனநூல்கள் இல்லை. அச்சுநூலும் பள்ளியும் பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்த காலம் அது. அச்சுப்பொறி வாங்க 1849இல் தமிழகம் வந்தவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் அளித்தது. பட்டத்தோடும் பொறியோடும் ஊர் திரும்பினார்.

1850 முதற்கொண்டு பாலபாடங்கள் வெளிவரலாயின. கடுஞ்சந்திகளைக் குறைத்தும், காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறிகளை இட்டும் அவற்றை எழுதினார் நாவலர். அக்குறிகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. பாதிரிமார் அச்சிட்ட நூல்களில் முன்பே இருந்தவை. எந்தச் சமயப் பரப்பலை எதிர்த்தாரோ அதன் பள்ளியிற் கற்ற கருவியையே தம் மாணவர்க்குத் தயங்காமல் கொடுத்தார். கொள்கையில் விட்டுக்கொடாத ஒருவர் கருவியில் காட்டிய இத்தாராளம் அவர் பெருமைகளுள் தலையாயது.

1852இல் பெரியபுராண வசனம் அச்சேறியது. அதில் தொடர்கள் சில நெடிது ஓடுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இடையிற் புகுந்த செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறிகள் காட்டிக்கொண்டே செல்வதால், வாய்விட்டுப் படிப்பவர்க்கு மூச்சு முட்டுவதில்லை.

1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். இல்லறம் மேற்கொள்ளாது கல்விப்பணியிலேயே காலம் கழித்த நாவலர், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். பாலபாடங்கள் அதன்பின்னும் பலமுறை அச்சேறின.