விடுதலை தந்த கையொப்பம்

அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளால் ஆன சிறு குடிலில் 1809ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் லிங்கன். வறுமையால் அவர் பள்ளியில் பயின்ற காலம் ஓராண்டினும் குறைவே. ஆயினும் இரவல் நூல்களைக் கற்றுத் தேர்ந்து வழக்குரைஞரானார். 1860இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழன்றனர். தாய் ஓரிடத்திலும் பிள்ளை வேறிடத்திலும் விற்கப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது. அடிமைமுறை மேலும் பரவுவதை லிங்கன் எதிர்த்தார். அதனால் தென்மாநிலங்கள் பதினொன்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது.

கடலுக்கு அப்பாலும் ஓர் இடர் காத்திருந்தது. இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு வேண்டிய பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்பகுதியிலிருந்தே சென்றது. போரினால் அது தடைப்பட, ஆலைகள் பல மூடப்பட்டன. தெற்கைத் தனிநாடாக ஏற்கலாமா என இங்கிலாந்தும் பிரான்சும் எண்ணின.

1862 ஜூலையில், அடிமைகளை விடுவிக்கும் அறிக்கையை லிங்கன் அமைச்சர்களுக்குக் காட்டினார். தோல்விகளுக்கிடையே வெளியிட்டால் அது வலிமையற்றோர் கூக்குரலாகத் தோன்றும் என்று அமைச்சர் சீவர்டு எடுத்துரைத்தார். லிங்கன் காத்திருந்தார். செப்டம்பரில் ஆன்டீட்டம் போருக்குப்பின் தெற்கின் படை பின்வாங்கியது. ஐந்தே நாள்களில் அறிக்கை வெளிவந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் அவருடைய கட்சி பல இடங்களை இழந்தது. எனினும் அவர் உறுதி தளரவில்லை.

1863 ஜனவரி முதல் நாள். புத்தாண்டு விருந்தினருடன் நெடுநேரம் கைகுலுக்கியதால் லிங்கனின் கை நடுங்கியது. எழுத்துக் கோணினால் தயங்கி இட்டதாகப் பிறர் கருதுவரே என்று சற்றுப் பொறுத்தார். பின்னர்த் திருத்தமாகக் கையொப்பமிட்டார்.

கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே அவ்வறிக்கை பொருந்தியது. ஆயினும் அதன் விளைவு பெரிது. தன் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையை முன்பே ஒழித்திருந்த இங்கிலாந்துக்குத் தெற்கின் பக்கம் நிற்பது அரிதாயிற்று. பஞ்சின்றி வேலையிழந்து வாடிய மான்செஸ்டர் தொழிலாளர்களே லிங்கனை ஆதரித்து மடல் எழுதினர். அவர்தம் ஈகத்தைப் போற்றி அவரும் மறுமொழி விடுத்தார். கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர் வடக்கின் படையில் சேர்ந்தனர்.

1865 ஏப்ரலில் வடக்கு வென்றது. சில நாள்களிலேயே லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில், அரசமைப்பின் 13ஆம் திருத்தம் நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது. அதனைக் காண அவர் இல்லை.

மாணவர்களே! நற்செயலுக்கும் காலம் அறிதல் வேண்டும். காலம் வாய்த்தபின் தயங்காமையும் வேண்டும். லிங்கனின் வாழ்வு உணர்த்துவது இதுவே.