வெள்ளம் வரும்னு கணக்குப் போட்டுச் சொன்ன இன்ஜினியர்... கண்டுகொள்ளாத அரசு! யார் இந்த யோஹான் வான் வீன்?

நெதர்லாந்தின் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடலோரத் தடுப்புக் கரை உடைந்தால் அவ்வளவுதான், ஊரே மூழ்கிவிடும். அந்தக் கரைகளின் உயரம் போதாது என்று 1930-களிலேயே சொன்னவர் யோஹான் வான் வீன்.

1893-ல் அந்நாட்டின் வடகோடியில் உள்ள குரோனிங்கன் மாகாணத்தில் பிறந்தவர். அரசின் நீர்வளத் துறையில் இன்ஜினியர். ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் நீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பதுதான் வேலை. கேட்க சப்பென்று இருக்கலாம். ஆனால், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அளவுகள் சொன்னது என்ன?

அதுவரை கரை கட்டுவதற்கு ஒரு எளிய கணக்குதான். இதுவரை வந்த பெரிய வெள்ளம் எவ்வளவு உயரமோ, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கட்டுவார்கள். ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தின் நீர்மட்டப் பதிவுகளை வான் வீனின் துறையைச் சேர்ந்த வெமல்ஸ்ஃபெல்டர் 1939-ல் வரிசைப்படுத்திப் பார்த்தார். உயரம் கூடக்கூட அப்படிப்பட்ட வெள்ளம் அபூர்வமாகிறது. ஆனால் இதற்கு மேல் வராது என்று எங்கேயும் கோடு போட முடியவில்லை. அதாவது, பழைய ரெக்கார்டு எந்த நாளிலும் உடையலாம்.

வான் வீன் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். உலகப் போர், பிறகு மறுகட்டமைப்புச் செலவு என்று கரை விவகாரம் தள்ளிக்கொண்டே போனது. அரசு ஊழியர் வெளிப்படையாகப் பேச முடியாதே? டாக்டர் கசாண்ட்ரா என்ற புனைபெயரில் எழுதினார். கிரேக்கப் புராணத்தில் கசாண்ட்ரா சொன்னதெல்லாம் பலிக்கும், ஆனால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார் மனுஷன்!

அந்த இரவு

கடல் வாய்களை அடைக்கும் திட்டம் ஒன்று 1953 ஜனவரி 29-ல் அமைச்சகத்துக்குப் போனது. ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றமும் வடமேற்குப் புயல்காற்றும் ஒன்றாகச் சேர்ந்தன. வடகடல் தெற்கே போகப்போக குறுகலாகவும் ஆழம் குறைவாகவும் ஆகும். காற்று தள்ளிய தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை. ஹூக் வான் ஹாலந்தில் நீர்மட்டம் 3.85 மீட்டர். பழைய உச்சத்தைவிட அரை மீட்டருக்கும் மேல்!

எச்சரிக்கைத் தந்திகள் போகத்தான் செய்தன. ஆனால், அவை எல்லா ஊருக்கும் போகவில்லை. வானொலியும் நள்ளிரவோடு நின்றுவிட்டது. மக்கள் தூக்கத்தில் இருந்தபோது கரைகள் உடைந்தன. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் பலி.

மூன்று வாரத்துக்குள் டெல்டா குழு அமைக்கப்பட்டது. செயலாளர் வேறு யாருமில்லை, வான் வீன்தான். இம்முறை அளவுகோல் மாறியது. மத்திய ஹாலந்தைக் காக்கும் கரைகள், 10,000 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய நீர்மட்டத்தைத் தாங்க வேண்டும் என்று முடிவானது. 1958-ல் டெல்டா சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், ரயில் பயணத்தின்போதே வான் வீன் இறந்துபோனார்.

வேலைகள் முடிய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. ராட்டர்டாமைக் காக்கும் மாஸ்லண்ட் தடுப்புக் கதவு 1997-ல்தான் தயாரானது. அதை மூடலாமா வேண்டாமா என்பதை, நீர்மட்டக் கணிப்பைப் பார்த்து கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. 2023 டிசம்பர் புயலில் அந்தக் கதவு தானாகவே மூடிக்கொண்டது.