குப்பைக் கூடையில் கிடைத்த கடிதம்

செய்யாத குற்றத்துக்காகக் கடல் கடந்த தீவில் சிறை இருந்தார் ஒரு ராணுவ அதிகாரி. அவர் குற்றமற்றவர் என்று மேல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின.

அவர் பெயர் ஆல்பிரட் டிரைபஸ். பிரெஞ்சு ராணுவத்தில் காப்டன். 1859-ம் ஆண்டு மூலூஸ் நகரில் பிறந்தார். நெசவாலை நடத்திய யூதக் குடும்பம். அவருடைய சிறு வயதில் நடந்த போரில் அந்த ஊர் ஜெர்மனி வசம் போயிற்று. ஆனாலும் குடும்பம் பிரான்சையே தாய்நாடாகக் கொண்டது.

1894-ல் பாரீஸ் நகரத்து ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையில் ஒரு கிழிந்த கடிதம் அகப்பட்டது. பிரெஞ்சு ராணுவ ரகசியங்களைத் தருவதாக யாரோ எழுதிய கடிதம் அது. கையெழுத்து டிரைபசின் எழுத்தைப் போல இருக்கிறது என்று அவரைக் கைது செய்தார்கள்.

கையெழுத்து நிபுணர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அவர் எழுத்து அல்ல என்றார் ஒருவர். பெர்ட்டிலான் என்பவரோ, எழுத்து மாறுபடும் இடங்களில் டிரைபசே வேண்டுமென்று மாற்றி எழுதியிருக்கிறார் என்றார்! ஒத்திருந்தாலும் குற்றம், ஒத்திராவிட்டாலும் குற்றம் என்றால் மனிதன் எப்படித் தப்புவது?

ரகசிய உறை

ராணுவ கோர்ட்டில், மூடிய கதவுக்குள் விசாரணை நடந்தது. தீர்ப்பை முடிவு செய்ய நீதிபதிகள் தனி அறைக்குப் போனார்கள். அப்போது யுத்த மந்திரியிடமிருந்து ஓர் உறை அவர்களுக்கு வந்தது. உள்ளே சில ரகசியக் காகிதங்கள். அவற்றை டிரைபசும் பார்க்கவில்லை, அவர் வக்கீலும் பார்க்கவில்லை. பார்க்காத சாட்சியத்துக்கு யார் பதில் சொல்ல முடியும்?

ஏழு நீதிபதிகளும் குற்றவாளி என்றார்கள். 1895 ஜனவரியில், படைவீரர்கள் முன்னிலையில் அவர் சட்டைப் பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்தார்கள். தாம் நிரபராதி என்று அவர் உரக்கக் கூவினார். தென் அமெரிக்கக் கரையை அடுத்த பிசாசுத் தீவில் அடைத்தார்கள். காவலர்கள் அவரோடு பேசக் கூடாது. சில காலம் இரவில் காலைக் கட்டிலோடு விலங்கிட்டார்கள்.

மனைவி லூசியும் அண்ணன் மத்தியேவும் ஓயவில்லை. 1896-ல் பிக்கார் என்ற ராணுவ அதிகாரி உண்மையைக் கண்டார். அந்தக் கையெழுத்து எஸ்டர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரியுடையது. மேலதிகாரிகள் பிக்காரைத்தான் தொலைதூரம் அனுப்பினார்கள்! 1898-ல் எஸ்டர்ஹாசி விடுதலை ஆனார். நாவலாசிரியர் எமிலி ஜோலா அதைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு, டிரைபசுக்கு எதிராகப் பொய்க் கடிதம் தயாரித்ததை ஹென்றி என்ற அதிகாரி ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறையில் இறந்தார்.

மேல் கோர்ட்டின் வேலை

பிரான்சின் உச்ச அப்பீல் கோர்ட்டு, சாதாரணமாகச் சாட்சிகளை மறுபடி எடை போடுவதில்லை. விசாரணை சட்டப்படி நடந்ததா என்றே பார்க்கும். ஆனால் தீர்ப்பின்போது தெரியாதிருந்த புது விஷயம் வெளிவந்தால், பழைய வழக்கைத் திறக்கலாம். 1899 ஜூன் 3-ந் தேதி அப்படி இரண்டு விஷயங்களைக் கோர்ட்டு ஏற்றது. எதிரிக்குக் காட்டாத காகிதம் நீதிபதிகளிடம் போனது ஒன்று. குப்பைக் கூடைக் கடிதத்தின் காகிதமும் எஸ்டர்ஹாசி பயன்படுத்திய காகிதமும் ஒரே மாதிரி இருந்தது மற்றொன்று. தீர்ப்பு ரத்தாயிற்று.

ஆனால் விடுதலை இல்லை. மறு விசாரணை ரென் நகரில், மறுபடியும் ராணுவ கோர்ட்டிலேயே நடந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் மீண்டும் குற்றவாளி என்றார்கள்! பத்து ஆண்டு தண்டனை. பத்தே நாளில் ஜனாதிபதி மன்னிப்பு அளித்தார். உடல் நொந்திருந்த டிரைபஸ் ஏற்றுக்கொண்டார். இருந்தாலும், மன்னிப்பு குற்றவாளிக்குத்தானே தருவது? அவருக்கு வேண்டியது தீர்ப்பு. 1903-ல் மறுபடி மனுச் செய்தார்.

இந்த முறை காகிதங்களை ஒவ்வொன்றாகத் துருவினார்கள். ஒரு கடிதத்தில் ஆளைக் குறிக்கும் முதலெழுத்து 'டி' என்று இருந்தது. உற்றுப் பார்த்தால், அடியில் வேறோர் எழுத்து! அதை அழித்து, டிரைபசைக் குறிப்பதுபோல் மேலே எழுதியிருந்தார்கள்.

1906 ஜூலை 12-ந் தேதி தீர்ப்பு வந்தது. வழக்கமாக மேல் கோர்ட்டு வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பும். இங்கே அனுப்பவில்லை. விசாரிக்கக் குற்றம் எதுவுமே மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டது.

சில நாளில், வாளை முறித்த அதே ராணுவப் பள்ளியில் அவருக்குப் பதக்கம் அணிவித்தார்கள். முதல் உலகப் போரிலும் அவர் பணிபுரிந்தார். 1935-ல், அதே ஜூலை 12-ந் தேதி காலமானார்.